நிச்சயதார்த்தத்துக்கு முன் மாப்பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டுமா?

கேள்வி: காவிரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். எனக்கு 29 வயது. சொந்த ஊர் முசிறிக்குப் பக்கத்தில்; வேலை கோயம்புத்தூரில், ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில். முதுகலை இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தபோது எனக்கு இருமுனைக் கோளாறு, அதாவது பைபோலார், இருப்பதாக மனநல மருத்துவர் கண்டறிந்தார். அந்த நாட்களில் எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதைவிட, தூக்கம் தேவையே படவில்லை என்று சொல்வதுதான் சரி. விடுதியில் இருந்த அத்தனை பேருக்கும் புடவை எடுத்துத் தருகிறேன் என்று அப்பாவின் கணக்கிலிருந்து பணத்தை எடுத்துச் செலவழித்தேன். துறைத் தலைவரின் அறைக்குள் போய், பாடத்திட்டம் முழுவதையும் நானே மாற்றி எழுதித் தருகிறேன் என்று வாதாடினேன். விடுதிக் காப்பாளர் தகவல் சொல்லி, தாய்மாமா வந்து ஊருக்கு அழைத்துப் போனார். குணசீலம் பெருமாள் கோயிலில் ஒரு மண்டலம் தங்கவைத்தால் சரியாகிவிடும் என்றார் அம்மா. "கோயிலுக்கு அப்புறம் போகலாம், முதலில் டாக்டர்" என்று மாமா பிடிவாதமாக நின்றதால் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டேன். அதன்பின் வந்த சோர்வு, அந்த உற்சாகத்தைவிடக் கொடியதாக இருந்தது. குளிப்பதற்கு எழுந்து போவதே பெரிய வேலையாகத் தோன்றிய மாதங்கள் அவை.

இப்போது பல ஆண்டுகளாக லித்தியம் என்ற மருந்தை எடுத்துக்கொள்கிறேன். மருத்துவர் சொல்லும் இடைவெளியில் இரத்தப் பரிசோதனை செய்துகொள்கிறேன். இடையில் ஒருமுறை லேசான சோர்வு வந்து, மருந்தின் அளவை மாற்றியதும் சரியானது. மற்றபடி வேலையில் எந்தக் குறையும் இல்லை. லித்தியத்தால் தைராய்டு சுரப்பு குறைந்துவிட்டதால் அதற்கும் ஒரு மாத்திரை உண்டு. அதுவே வீட்டுக்கு வசதியாகப் போய்விட்டது. நான் விழுங்கும் எல்லா மாத்திரையும் தைராய்டுக்குத்தான் என்று என் தங்கை உட்பட எல்லோரிடமும் சொல்லிவைத்திருக்கிறார்கள். உண்மை தெரிந்தவர்கள் அப்பா, அம்மா, மாமா ஆகிய மூவர் மட்டுமே.

இப்போது ஒரு வரன் வந்திருக்கிறது. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் பொறியாளராக இருக்கிறார். பெண் பார்த்துவிட்டுப் போனபின், இரு வீட்டார் சம்மதத்தோடு நாங்கள் தொலைபேசியில் பேசி வருகிறோம். நிதானமானவர், எனக்குப் பிடித்திருக்கிறது. அதனால்தான் இந்தச் சங்கடமும். ஆவணியில் தாம்பூலம் மாற்றிக்கொள்ளலாம் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். சொல்லிவிடலாம் என்று நான் கேட்டபோது, "சொன்னால் இந்த இடம் போய்விடும், அதோடு நிற்காது, ஊரெல்லாம் பரவும், அப்புறம் சின்னவளை யார் கேட்டு வருவார்கள்?" என்று அம்மா அழுகிறார். திருமணம் முடிந்து ஒரு குழந்தை பிறந்தபின் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாமாம். மாமாவோ, "நரம்புத் தளர்ச்சிக்கு மாத்திரை சாப்பிடுகிறாள் என்று பட்டும் படாமலும் சொல்லிவைப்போம்" என்கிறார். அப்பா எதுவுமே பேசுவதில்லை.

அவரிடம் சொல்ல வேண்டுமா, சொல்வதென்றால் எப்போது, எவ்வளவு? அவருடைய பெற்றோருக்கும் தெரிய வேண்டுமா? இதே நிலையைக் கடந்து வந்தவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பதில்: பொதிகைச்சாரல்

சகோதரிக்கு வணக்கம். நீங்கள் மணக்கவிருப்பவரின் இடத்தில் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். என் மனைவிக்கும் இதே நோய்தான். எனக்கு அது திருமணத்துக்குப் பிறகுதான் தெரியவந்தது. அதுவும் யாரும் சொல்லித் தெரியவில்லை.

அவர் லித்தியம் மாத்திரைகளை அட்டையிலிருந்து பிரித்து, கால்சியம் மாத்திரை டப்பா ஒன்றில் போட்டுவைத்திருந்தார். என் மாமியார் செய்துகொடுத்த ஏற்பாடு அது. திருமணமான முதல் கோடையில், அக்னி நட்சத்திர வெயிலில், என் அம்மாவோடு சேர்ந்து அவரும் உப்பில்லா விரதம் இருக்கத் தொடங்கினார். மருமகள் ஆசையோடு விரதத்தில் சேர்ந்துகொண்டாள் என்று அம்மாவுக்குப் பெருமை. இடுப்பு வலிக்கிறது என்று அவர் சொன்னபோது மருந்துக்கடையில் சாதாரண வலி மாத்திரை வாங்கிவந்து கொடுத்தோம். சில நாட்களில் கை நடுங்கத் தொடங்கியது. தேநீர் டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு, நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழறல். அவசரப் பிரிவில் மருத்துவர், "வேறு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா?" என்று கேட்டபோது, "கால்சியம் மட்டும்தான், சார்" என்று உறுதியாகச் சொன்னேன். என் மனைவியோ தெளிவாகப் பதில் சொல்லும் நிலையில் இல்லை. அன்றிரவு மாமியார் பேருந்து பிடித்து வந்து சேர்ந்து, மருத்துவரைத் தனியாக அழைத்துப் போய்ச் சொன்ன பிறகுதான் இரத்தத்தில் லித்தியம் அளவைப் பார்த்தார்கள். அது நச்சளவுக்கு ஏறியிருந்தது. உப்பும் தண்ணீரும் குறைந்தால் சிறுநீரகம் லித்தியத்தை வெளியேற்றாமல் உடலிலேயே தேக்கிவைக்கும் என்பதும், சில வலி மாத்திரைகள் அதை மேலும் கூட்டும் என்பதும் எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தன.

அவர் பிழைத்துவிட்டார், இன்றும் நாங்கள் சேர்ந்துதான் இருக்கிறோம். ஆனால், மனைவியின் பிறந்த வீட்டில் தெரிந்திருந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியாமல் இருந்தது என்ற கசப்பு நீங்க வெகுகாலம் ஆயிற்று. எனக்கு நோயின் மேல் கோபம் வரவில்லை. அந்த கால்சியம் டப்பாவின் மேல்தான் வந்தது. அவர் தலைவலி என்று படுத்தாலும், "உண்மையிலேயே தலைவலிதானா?" என்று மனம் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு குழந்தை பிறந்தபின் சொல்லிக்கொள்ளலாம் என்கிறார் உங்கள் தாயார். எனக்கு அப்படிச் சொல்லியிருந்தால், அந்தக் குழந்தையையும் என்னைக் கட்டிப்போடத்தான் பெற்றார்களோ என்று நினைத்திருப்பேன். நிச்சயத்துக்கு முன், நேரில், நீங்களே சொல்லுங்கள். நரம்புத் தளர்ச்சி என்று மட்டும் சொல்ல வேண்டாம். அப்படிச் சொன்னால், அவர் அவசரப் பிரிவில் அதைத்தான் திருப்பிச் சொல்வார்.

பதில்: பெயர் வேண்டாம்

மேலே எழுதியிருப்பவரின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆனால், சொன்னால் என்ன நடக்கும் என்பதையும் யாராவது எழுத வேண்டும் அல்லவா?

எனக்குத் தீவிர மனச்சோர்வு நோய். பெண் பார்த்துவிட்டுப் போன அடுத்த வாரமே, உண்மையாக இருக்க வேண்டும் என்ற ஒரே எண்ணத்தில், அந்த மனிதரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "எனக்கு ஒன்றும் பிரச்சினையில்லை, அம்மாவிடம் மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன்" என்றார். அவருடைய அம்மா தரகரிடம் கேட்டார். தரகர் என் பெரியப்பாவிடமே வந்து, "இப்படி ஒரு விஷயத்தை என்னிடம் மறைக்கலாமா?" என்று சண்டை போட்டார். பெரியப்பாவுக்கு அதுவரை எதுவும் தெரியாது. இரண்டு மாதங்களில், நான் போகும் கல்யாண வீடுகளிலெல்லாம் என்னை உற்றுப் பார்க்கும் கண்கள் முளைத்துவிட்டன. "கீழ்ப்பாக்கம் கேஸாம்" என்று பந்தியில் ஒருவர் இன்னொருவரிடம் சொன்னதைப் பின்னால் நின்று கேட்டிருக்கிறேன். இத்தனைக்கும் நான் கீழ்ப்பாக்கத்தை எட்டிக்கூடப் பார்த்ததில்லை. அப்படியே போயிருந்தாலும், 1794 முதல் எத்தனையோ பேரைக் குணமாக்கி வீட்டுக்கு அனுப்பிய ஒரு மருத்துவமனையின் பெயர் வசைச்சொல் ஆனதற்கு வெட்கப்பட வேண்டியவள் நான் அல்லள்.

ஆகவே மறைக்கச் சொல்லவில்லை; அவசரப்பட வேண்டாம் என்கிறேன். முதலில் அந்த மனிதரின் வாய் எப்படிப்பட்டது என்று பாருங்கள். அலுவலகத்தில் யாராவது மனநல மருத்துவரிடம் போனதைப் பற்றிப் பேச்சு வந்தால் சிரிக்கிறாரா, நண்பர்களின் அந்தரங்கத்தை உங்களிடம் கதையாகச் சொல்கிறாரா என்று கவனியுங்கள். பிறருடைய ரகசியத்தை உங்களிடம் சொல்பவர், உங்களுடையதையும் இன்னொருவரிடம் சொல்வார். அந்தச் சோதனையில் தேறினால், சொல்வதற்கு முன்பே, "நான் சொல்லப்போவது உங்களோடு இருக்கட்டும், உங்கள் வீட்டில் யாரிடம் சொல்வது என்பதைப் பிறகு நாம் இருவரும் சேர்ந்து முடிவு செய்வோம்" என்று கேட்டு உறுதி வாங்கிக்கொண்டு பேசுங்கள். நான் விட்டது அந்த ஒரு வாக்கியத்தைத்தான்.

இன்னொன்று. உங்கள் தங்கையின் பெயரைச் சொல்லி உங்கள் வாயை அடைக்கிறார்கள். அந்தத் தங்கையிடம் யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா? அவருக்கு எத்தனை வயது என்று நீங்கள் எழுதவில்லை. வரன் பார்க்கும் வயதென்றால், அக்காவுக்கு என்ன நோய் என்று தெரிந்துகொள்ளும் வயதும்தான். மாப்பிள்ளைக்கு முன்னால் அவரிடம் சொல்லுங்கள்.

பதில்: பொதிகைச்சாரல்

பெயர் வேண்டாம் சகோதரி சொல்வதில் நியாயம் இருக்கிறது. உறுதி வாங்கிக்கொண்டு பேச வேண்டும் என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால், சோதித்துப் பார்க்கிறேன் என்று மாதக்கணக்கில் இழுத்தால், பத்திரிகை அடித்த பிறகு சொல்லும் நிலை வந்துவிடும். அப்போது அவர் வேண்டாம் என்று நினைத்தாலும் சொல்ல முடியாமல் தாலி கட்டுவார். அது இருவருக்கும் நல்லதல்ல.

பதில்: சட்டப்புள்ளி

நான் குடும்ப நல நீதிமன்றத்தில் வழக்காடும் வழக்கறிஞர். "சொன்னால் கல்யாணம் நிற்கும், சொல்லாவிட்டால் கல்யாணம் நிலைக்கும்" என்று நம்பும் பெற்றோர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். சட்டம் அப்படி அமையவில்லை என்பதால், சற்று விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் திருமணம் இந்துத் திருமணச் சட்டத்தின்கீழ் நடக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். மற்றச் சமயத்தினருக்கான சட்டங்கள் வேறு.

1955ஆம் ஆண்டின் அந்தச் சட்டத்தில் மூன்று இடங்கள் உங்களுக்குப் பொருட்டாகும். பிரிவு 5இன் உட்பிரிவு 2, திருமணத்துக்குச் சம்மதம் தரும் மனநிலை இல்லாதவர்களையும், இல்லறத்துக்கும் மகப்பேற்றுக்கும் தகுதியற்றுப் போகும் அளவுக்கு மனக்கோளாறு உள்ளவர்களையும், மீண்டும் மீண்டும் சித்தம் கலங்குபவர்களையும் பற்றிப் பேசுகிறது. முன்பு வலிப்பு நோயும் அந்த வரிசையில் இருந்தது, 1999இல் நீக்கினார்கள். மருந்தோடு வேலைக்குப் போய்வந்து, தன் விருப்பத்தைத் தானே தெளிவாகச் சொல்லும் ஒருவரை, நோயின் பெயரை மட்டும் காட்டி இந்தப் பிரிவுக்குள் தள்ளிவிட முடியாது. பிரிவு 13, சேர்ந்து வாழ்வதை எதிர்பார்க்க முடியாத தன்மையும் தீவிரமும் கொண்ட மனக்கோளாறு இருந்தால் மணவிலக்குக் கேட்கலாம் என்கிறது. அதிலும் நோயின் பெயரை அல்ல, அளவைத்தான் பார்க்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது. 2013இல் வந்த ஒரு தீர்ப்பில், மனைவிக்கு மனச்சிதைவு நோய் என்று சொல்லி மணவிலக்குக் கேட்ட கணவரின் மேல்முறையீடு தள்ளுபடியானது. அது கட்டுப்படுத்தக்கூடிய நோய் என்பதும், அந்தப் பெண் மருத்துவராக இருந்தார் என்பதும் நீதிமன்றத்தின் கவனத்துக்கு வந்தன.

மூன்றாவது இடம்தான் ஆபத்தானது. பிரிவு 12, எதிர்த்தரப்பைப் பற்றிய முக்கியமான உண்மையை மறைத்து, ஏமாற்றிச் சம்மதம் பெற்றிருந்தால் அந்தத் திருமணத்தையே செல்லாததாக்கக் கோரலாம் என்கிறது. மறைப்பு தெரியவந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுப் போட வேண்டும். தெரிந்த பிறகும் முழுச் சம்மதத்தோடு சேர்ந்து வாழ்ந்திருந்தால் அந்த வழி அடைபட்டுவிடும். ஆக, உங்கள் தாயார் பாதுகாப்பு என்று எண்ணுகிற மௌனம், எதிர்காலத்தில் ஏதோ ஒரு சண்டையில் எதிர்த்தரப்பு எடுத்து வீசக்கூடிய ஆயுதம். வழக்கு முடிவில் வெற்றி உங்களுக்கே கிடைத்தாலும், அதற்குள் உங்கள் மருத்துவக் குறிப்புகள் எல்லாம் நீதிமன்றக் கோப்பில் ஏறியிருக்கும். முன்பே சொல்லிவிட்டால், "எனக்குத் தெரியாது" என்ற வாதமே எழாது. நேரில் பேசிய பிறகு, "இன்று என் உடல்நிலையைப் பற்றியும் நான் எடுத்துக்கொள்ளும் சிகிச்சையைப் பற்றியும் பேசியதை நிதானமாக யோசித்துச் சொல்லுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு வரி அனுப்பிவையுங்கள். நோயின் பெயர்கூட அதில் வேண்டாம்.

அவருடைய பெற்றோர் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சட்டத்துக்கு வேண்டியது மணமகனின் சம்மதம். மாமியாரின் சம்மதம் அன்று. அவர்களிடம் சொல்வதும் சொல்லாததும் நீங்கள் இருவரும் முடிவு செய்யும் குடும்ப விஷயம். நோயறிக்கையின் நகலை யாருக்கும் கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 23ஆம் பிரிவு, உங்கள் சிகிச்சை விவரங்களை இரகசியமாக வைத்துக்கொள்ளும் உரிமையை உங்களுக்குத் தருகிறது. மாப்பிள்ளை வீட்டார் மருத்துவமனைக்குப் போய் விசாரித்தாலும் அங்கே பதில் சொல்லக் கூடாது. அதே சட்டத்தின் 3ஆம் பிரிவில், மனநோய் இருப்பதாகக் கண்டறியப்பட்டது என்பதாலேயே ஒருவரைச் சித்தசுவாதீனமற்றவர் என்று கொள்ளலாகாது என்றும் இருக்கிறது. கட்டிக்கொள்ளப்போகிறவரே அதட்டினாலும் தலை குனிய வேண்டாம் என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

இந்தச் சட்டத்தில் வேறொரு வசதியும் உண்டு. உங்களால் முடிவெடுக்க முடியாத நிலை வந்தால் உங்கள் சார்பில் பேச ஒருவரை நீங்களே எழுத்து மூலம் நியமித்துவைக்கலாம். அது கணவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அந்த மாமாவை எனக்குப் பிடித்திருக்கிறது; நரம்புத் தளர்ச்சி யோசனையைத் தவிர.

பதில்: வெள்ளைப்பூண்டு

நான் மாவட்ட மனநலத் திட்டத்தில் சமூகப் பணியாளர். சொல்வதா வேண்டாமா என்பதைப் பற்றி மேலே நிறையவே எழுதிவிட்டார்கள். என்ன சொல்வது என்பதைப் பற்றி நான் எழுதுகிறேன். பெரும்பாலானவர்கள் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். நோயின் பெயரைச் சொல்லிவிட்டு அழத் தொடங்கிவிடுகிறார்கள். எதிரில் இருப்பவர் வீட்டுக்குப் போய்க் கைப்பேசியில் தேடி, கண்ட காணொளிகளையெல்லாம் பார்த்துப் பயந்துவிடுகிறார்.

அவருக்குத் தெரிய வேண்டியது உங்கள் நோய். பாடப்புத்தகத்தில் இருக்கும் நோய் அன்று. உங்களுக்கு அது தொடங்கும்போது முதலில் என்ன மாறுகிறது? தூக்கம் குறைகிறதா, பேச்சு வேகமாகிறதா, பணம் கையில் நிற்காமல் போகிறதா? அப்படி நடந்தால் அவர் யாரை அழைக்க வேண்டும்? "நான் இரண்டு இரவு தொடர்ந்து தூங்காமல் உற்சாகமாகத் திரிந்தால், நான் மறுத்தாலும் என் மருத்துவரிடம் பேசுங்கள்" என்று ஒரு வேலையை அவர் கையில் கொடுங்கள். செய்வதற்கு ஒன்று இருந்தால் மனிதர்களுக்கு அச்சம் குறையும். நான் பார்த்த வரையில், "ஏற்றுக்கொள்கிறீர்களா?" என்ற கேள்விக்குத் திணறுகிற ஆண்கள், "என்ன செய்ய வேண்டும்?" என்ற கேள்விக்கு நன்றாகவே பதில் சொல்கிறார்கள்.

பிள்ளைகளைப் பற்றி அவர் கட்டாயம் கேட்பார். கேட்காவிட்டாலும் நீங்கள் சொல்லுங்கள். பெற்றோரில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு ஏறத்தாழ பத்தில் ஒன்று. வராமல் போகும் வாய்ப்புதான் மிக அதிகம். கருத்தரிப்பதற்கு முன்பே மருத்துவரிடம் பேசி மருந்தைத் திட்டமிட வேண்டும். வால்புரோயேட் என்ற மருந்து கருவைப் பெரிதும் பாதிக்கும் என்பதால் குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு அதைத் தவிர்க்கிறார்கள். லித்தியத்தை நெருக்கமான கண்காணிப்போடு தொடர்வதா, நிறுத்துவதா என்பதை உங்கள் நிலையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வார். நீங்களாக நிறுத்தக் கூடாது. பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களில்தான் நோய் திரும்பும் அபாயம் மிகுதி. அந்த வாரங்களில் இரவில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், தாய்க்குத் தூக்கம் கெடக் கூடாது. உண்மை தெரியாத ஒரு வீட்டில் இதை எப்படிக் கேட்பீர்கள்? "எங்கள் காலத்தில் நாங்கள் தூங்கினோமா?" என்றுதான் பதில் வரும்.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம்; கல்யாணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் முந்தின நாள் மாலை வரவேற்பு, இரவு பதினொரு மணி வரை மேடையில் நின்று புகைப்படம், பிறகு மருதாணியும் உறவுக்காரப் பெண்களின் அரட்டையும். முகூர்த்தம் காலை 4.30 முதல் 6 என்று குறித்திருந்தால், அலங்காரம் செய்பவர் இரண்டு மணிக்கே கதவைத் தட்டுவார். அதற்கு முந்தைய வாரமும் பாதித் தூக்கத்தில்தான் போயிருக்கும். இருமுனை நோய் உள்ளவருக்கு உற்சாக நிலையைக் கிளப்பிவிட இதைவிட நல்ல ஏற்பாட்டை எதிரிகூடச் செய்ய முடியாது. எங்களிடம் வந்த சிலருக்கு நோய் திரும்பியது மறுவீட்டு விருந்தின்போதுதான். மாப்பிள்ளைக்கு உண்மை தெரிந்திருந்தால், "முகூர்த்தம் ஒன்பது மணிக்கு மேல் இருக்கட்டும், வரவேற்பைத் திருமணத்துக்குப் பிறகு இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம்" என்று மாப்பிள்ளை வீட்டின் வாயிலிருந்தே வரவைக்கலாம். பெண் வீட்டார் கேட்டால் ஆயிரம் காரணம் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை கேட்டால் ஒரு காரணமும் வேண்டாம். இது நியாயமில்லைதான், ஆனால் இருக்கிற வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

முடிந்தால், நீங்கள் சொன்ன பிறகு ஒருமுறை அவரை உங்கள் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். உங்கள் சம்மதம் இருந்தால் மருத்துவர் அவரிடம் பேசுவார். பொதிகைச்சாரல் ஐயா எழுதிய உப்பு, தண்ணீர், வலி மாத்திரை மூன்றையும் அங்கேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் ஆகியவை கூடாது, காய்ச்சல் தலைவலிக்குப் பாராசிட்டமால் போதும் என்பதை வீட்டில் அனைவரும் தெரிந்துகொள்வது நல்லது. பேசுவதற்கு முன் ஒத்திகை பார்க்க ஆள் வேண்டும் என்றால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணை (அரசின் மனநல உதவி எண்) அழையுங்கள்; கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

உங்கள் தாயாரைக் குறை சொல்ல மாட்டேன். பெங்களூருவின் மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வில், இருமுனை நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ எழுபது பேர் சிகிச்சை பெறாமலே இருந்தார்கள். அந்த எழுபதில் ஒருத்தியாக உங்களை விடாமல் மருந்து வாங்கிக் கொடுத்து ஆளாக்கியவர்களில் அவரும் ஒருவர். மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துச் செல்லுங்கள். அவருடைய பயத்துக்கும் ஒரு நாற்காலி போடச் சொல்லலாம்.

காவிரிக்கரை

அனைவருக்கும் நன்றி. பெயர் வேண்டாம் அக்கா சொன்னபடி முதலில் தங்கையிடம் சொன்னேன். அவளுக்கு 25 வயது. அவள் அதிர்ச்சி அடையவே இல்லை. தைராய்டு மாத்திரையை யாரும் இராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடுவதில்லை என்று எப்போதோ தெரிந்துகொண்டு, அட்டையில் இருந்த பெயரைத் தேடிப் பார்த்துவிட்டாளாம். நான் சொல்வேனா என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். "என் கல்யாணத்தைச் சொல்லி அக்காவை மிரட்டாதே" என்று அம்மாவிடம் அவளே பேசினாள். அம்மா இரண்டு நாட்கள் யாருடனும் பேசவில்லை. பிறகு, மருத்துவரிடம் போகும்போது தானும் வருவதாக மட்டும் சொன்னார். மாப்பிள்ளை விஷயத்தில் அவர் இன்னும் சம்மதிக்கவில்லை; ஆனால் தடுக்கவும் இல்லை. முகூர்த்த நேரத்தைப் பற்றி நான் ஒருமுறைகூட யோசித்ததில்லை.

ஓசூருக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவில் என்பதால், வரும் ஞாயிற்றுக்கிழமை அவரைச் சேலத்தில் சந்திப்பதாக இருக்கிறேன். இதுவரை வாயே திறக்காத அப்பா, தானும் உடன் வருவதாகச் சொல்கிறார். அவர் பக்கத்தில் இருக்கட்டுமா? இன்னொரு தயக்கமும் இருக்கிறது. அந்தப் பணம் செலவழித்த கதையையும் துறைத் தலைவர் கதையையும் சொல்ல எனக்கு மிகவும் கூச்சமாக இருக்கிறது. அவை இல்லாமலும் நோயைச் சொல்லிவிடலாம் அல்லவா?

பதில்: வெள்ளைப்பூண்டு

அப்பா வரட்டும்; சேலம் வரைக்கும் வரட்டும், ஆனால் வேறு மேசையில் உட்காரட்டும். அவர் பக்கத்தில் இருந்தால் மாப்பிள்ளை மரியாதைக்காகத் தலையாட்டிவிடுவார். உண்மையான பதில் கிடைக்காது. துறைத் தலைவர் கதையை விட்டுவிடலாம், அதை ஒரு நாள் நீங்களே சிரித்துக்கொண்டு சொல்வீர்கள். பணம் செலவழித்ததைச் சொல்லுங்கள். நாளைக்கு உங்கள் இருவருக்கும் ஒரே வங்கிக் கணக்கு இருக்கும். அடையாளம் கண்டுகொள்ள வேண்டியவரிடம் அதை மறைப்பதில் பயனில்லை.

பதில்: சட்டப்புள்ளி

ஞாயிற்றுக்கிழமையே பதில் சொல்ல வேண்டும் என்று அவரை நெருக்காதீர்கள். இரண்டு வாரமாவது அவகாசம் கொடுங்கள். அதுவரை நிச்சயத்துக்கு மண்டபம் பிடிப்பதையும் முன்பணம் கட்டுவதையும் தள்ளிவைக்கும்படி அப்பாவிடம் சொல்லிவிடுங்கள். காரணம் கேட்பவர்களிடம் அவரே ஏதாவது சொல்லிச் சமாளிப்பார்.